இசக்கியும் மாதாவும் ஒரே பெஞ்சில்

கேள்வி: அக்கா, தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 27. தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்காக நாற்பது நிமிட நாடகம் ஒன்று எழுதினேன். எங்கள் ஊர் முக்கில் ஒரு பக்கம் இசக்கியம்மன் பீடம், எதிரே மாதாவின் சிறு ஆலயமான குருசடி. ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் இரண்டு பேரும் இறங்கி வந்து, நடுவில் இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. இசக்கி கேட்கிறாள்: "உம் பிள்ளையக் கொன்னவனுவள நீ சும்மா விட்டுட்டியே?" மாதா சொல்கிறாள்: "விட்டுட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?" இந்தப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மாதாவைப் பழிவாங்குகிறவளாகக் காட்டிவிட்டேன் என்று பங்குப் பேரவையைச் சேர்ந்தவர்கள் ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். அம்மன் தன்னைப் 'பேய்' என்று சொல்லிக்கொள்வதும், பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்காருவதும் இழிவு என்று ஊர்க் கமிட்டிக்காரர்கள் இன்னொரு மனு. ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது: "வந்து ஒரு எழுத்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க." அடுத்த வாரம் சமாதானக் கூட்டமாம். மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். அம்மா, 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதியதை நினைத்து, "மண்டைக்காட்டுக் கலவரத்தப் பாத்தவளாக்கும் நான், இது உனக்கு வேண்டாம் மக்ளே" என்று அழுகிறாள். கேஸ் வருமா? எழுதிக் கொடுக்க வேண்டுமா? நான் செய்தது தப்பா? பிரதியை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: அன்புத் தங்கச்சி,

பிரதியை இரண்டு தடவை படித்தேன். ராத்திரி ஒருமுறை, மறுநாள் கோர்ட்டில் என் கேஸ் கூப்பிடக் காத்திருந்தபோது ஒருமுறை. நாடகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவசரமானது முதலில்: எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். "இனி இந்த நாடகத்தைப் போட மாட்டேன்" என்று மட்டுமில்லை, "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்றுகூட ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுத வேண்டாம். வருத்தம் இருந்தால் அதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

போனில் கூப்பிட்டார்கள் என்பதற்காக நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிப்பதானால் அவள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 179-வது பிரிவு சொல்கிறது. மரியாதையாகவே பதில் சொல்லுங்கள்: "சார், என்ன மனு, எந்தப் பிரிவுன்னு எழுத்துல குடுங்க, நான் வக்கீலோட வாறேன்." அதே சட்டத்தின் 35(3)-ன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது வேறு. அதை வாங்கி, வாங்கிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, சொன்ன நாளில் கண்டிப்பாகப் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது.

சமாதானக் கூட்டம் என்ற பெயர் கேட்க நன்றாக இருக்கிறது. அதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் நாமக்கல். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010-ல். எதிர்ப்பு கிளம்பியது நாலு வருடம் கழித்து, 2014 டிசம்பரில். 2015 ஜனவரியில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. வெளியே கடையடைப்பு, ஊர்வலம். உள்ளே ஒரு மனிதர், எதிரே ஒரு கூட்டம். நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காதவர் புத்தகத்தைப் படிக்காமல் விடலாம், எழுத்தாளர் மறுபடி எழுத வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். நல்ல தீர்ப்பு. ஆனால் இடையில் போன ஒன்றரை வருடத்தை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியவில்லை. அதனால் சொல்கிறேன், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், கேளுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள். பேப்பர் நீட்டினால் "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கேஸ் வருமா? வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மனு கொடுத்தவர்கள் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-ல் 299, 196 என்ற இரண்டு பிரிவுகளைத்தான் எழுதியிருப்பார்கள். 196, மதம் போன்ற காரணங்களால் பகை மூட்டுவது பற்றியது. 299 என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ. லாகூரில் ஒரு நூல் கிளப்பிய கொந்தளிப்புக்குப் பிறகு 1927-ல் ஆங்கிலேய அரசு சேர்த்தது. மூன்று வருடம் வரை சிறை. ஸ்டேஷன் ஜாமீன் கிடைக்காத பிரிவு, இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஒருவரைக் கொண்டுவர, அவர் வேண்டுமென்றே, அதுவும் தீய எண்ணத்தோடு ஒரு மதத்தை அவமதித்தார் என்று காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். தெரியாமலோ, அப்படி ஒரு நோக்கமே இல்லாமலோ யாரையாவது நோகடித்துவிட்டால் அது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் சொல்லிவிட்டது. போதாததற்கு, அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்த இரண்டு பிரிவுகளிலும் வழக்கை எடுக்கவே முடியாது.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. இம்ரான் பிரதாப்கடி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு கவிதையோடு வெளியிட்ட வீடியோவுக்காக குஜராத்தில் போட்ட எஃப்ஐஆரை ரத்து செய்தார்கள். பேச்சு, எழுத்து சம்பந்தமாக, மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பிரிவில் புகார் வந்தால், எஃப்ஐஆர் போடும் முன் டிஎஸ்பி அனுமதியோடு பதினாலு நாளைக்குள் முதல்கட்ட விசாரணை நடத்துவதே முறை என்றார்கள். ஒரு சொல் என்ன விளைவை உண்டாக்கும் என்பதை எதைக் கேட்டாலும் நடுங்குகிறவர்களை வைத்து அளக்கக் கூடாது, உறுதியான மனமுள்ள சாதாரண மனிதரை வைத்து அளக்க வேண்டும் என்றார்கள். உங்கள் வக்கீல் கையில் அந்தத் தீர்ப்பின் நகல் இருக்கட்டும். அப்படியும் எஃப்ஐஆர் போட்டால் முன்ஜாமீன் இருக்கிறது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு இருக்கிறது. கேஸ் நிற்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அலைய வைக்கும், லீவு போட வைக்கும், பள்ளி நிர்வாகத்துக்கு யாராவது போன் செய்வார்கள். இதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. அரசியல் சட்டத்தின் 19(2)-ஐ எடுத்துப் பாருங்கள். பேச்சுரிமைக்கு எந்தெந்தக் காரணத்துக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. பொது ஒழுங்கு இருக்கிறது, கண்ணியம் இருக்கிறது, அவதூறு இருக்கிறது. மனம் புண்படுவது என்ற காரணம் அதில் இல்லை. கலவரம் வரும் என்று மிரட்டினால் போதும், அது 'பொது ஒழுங்கு' ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தைத் தடுக்க இந்த வாதத்தைத்தான் வைத்தார்கள். 1989-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் வரும் என்று பயந்து பேச்சை அடக்குவது மிரட்டுகிறவனிடம் சரணடைவது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்றது. உங்கள் மண்டபக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, சட்டம் போதும். நீங்கள் மூன்றாவதாகக் கேட்ட கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

இசக்கி தன்னைப் பேய் என்று சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊர்க் கமிட்டிக்காரர்களும் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கிறவர்கள்தானே? நீலி கதையை எத்தனை ராத்திரி கேட்டிருப்பார்கள். நகைக்காகக் கொல்லப்பட்டவள், கள்ளிச்செடியைச் சாட்சிக்குக் கூப்பிட்டவள், மறுபிறவியில் கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பழி தீர்த்தவள். அந்த இடம் வரும்போது, முன்னால் இருந்து பாடுகிற அண்ணாவி வீசுகோலை நிறுத்துவார். குடம் அடிக்கிறவர் கையை எடுத்துவிடுவார். உடுக்கு மட்டும் அடங்கின குரலில் பேசும். மடியில் பிள்ளை தூங்க, ராத்திரி இரண்டு மணிக்குக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பேயும் தெய்வமுமாக ஒரே நேரத்தில் இருப்பதால்தான் முப்பந்தல் இசக்கி கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. கால் மேல் கால் போட்டதுதான் அவர்களை உறுத்துகிறது என்றால், அது அம்மனைப் பற்றிய உறுத்தல் இல்லை, பெண்ணைப் பற்றியது. அதை மாற்றாதீர்கள்.

மாதாவின் வரி அப்படி இல்லை. எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது, இந்த நாடகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு விசுவாசிக்கு வலிக்கும். "பிதாவே இவர்களை மன்னியும்" என்று சிலுவையில் இருந்து கேட்டதை வருடா வருடம் தபசு காலத்தில் முழங்காலில் நின்று கேட்கிறவர்களுக்கு, அந்தத் தாய் மன்னிக்கவில்லையோ என்ற சந்தேகமே தாங்க முடியாதது. அவர்கள் நடிக்கவில்லை. அதே சமயம், நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த வியாகுல மாதாவை வணங்குவதும் அவர்கள்தான். அந்த வாள்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் மாதா பேசுவது அந்த இடத்தில் இருந்துதான். இது வம்புக்கு எழுதிய வரி இல்லை என்று முழுப் பிரதியையும் படிக்கிறவருக்குத் தெரியும். ஒரு பக்கப் போட்டோவைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அந்த வரியையும் வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கும் என்று தெரிந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்தியது மனுவில் யாருமே சொல்லாத இடம். உங்கள் டீக்கடைக்காரர்.

கடற்கரைப் பேச்சை அவர் நாலு இடத்தில் பேசிக் காட்டுகிறார். மீனவப் பெண்கள் பஸ்ஸில் ஏறுவதை நடித்துக் காட்டுகிறார். சபை சிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், சிரிக்கவும் செய்வார்கள். நீங்களும் உள்நாட்டுக்காரி, நானும் உள்நாட்டுக்காரி. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும்.

எங்கள் ஊர் திங்கள்சந்தைக்குப் பக்கம். 1982-ல் எனக்குப் பத்து வயது. கொளச்சல் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா சருவத்தில் சாளையும் நெத்தோலியும் சுமந்து தினமும் எங்கள் வீட்டுக்கு வருவார். நேராகப் பின்வாசலுக்கு வந்து, சருவத்தை இறக்கி, அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். மார்ச் மாதம் மண்டைக்காட்டில் கலவரம், துப்பாக்கிச் சூடு. அதோடு அவர் வரவு நின்றுபோனது. மாதக்கணக்கில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மீன்காரர்கள் யாரும் வரவில்லை. ஓணம் கழிந்து ஒருநாள் காலையில் வந்தார். பின்வாசலுக்கு வரவில்லை. ரோட்டில் நின்று, சருவத்தை இறக்காமல், "வரலாமா?" என்று கேட்டார். அம்மா ஓடிப்போய் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மட்டும்தான் சொல்ல முடியும். அவர் பேசுகிற மாதிரிப் பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் அப்படிப் பேசிவிட்டுத் திரும்பினால், பின்னால் சருவத்தோடு அவர் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. சாளையை எண்ணிப் போட்டார், வழக்கம்போல ஒன்று கூடுதலாகப் போட்டார், போய்விட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அவர் கும்பிடுகிற மாதாவை நான் ஒன்றுமே சொல்லவில்லை, தங்கச்சி. அவரைத்தான் சொன்னேன்.

இதனால்தான் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். மனுவை எழுதுகிறவருக்குத் தெய்வத்தின் பெயரைச் சொல்வது சுலபம். "எங்கள் பேச்சைக் கேட்டு நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள்" என்று எழுதுவது சுலபமில்லை, அதற்குப் பிரிவும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. யாருமே பாதியைத் தாண்டாத ஊர். இங்கே யாரைப் பற்றி எழுதினாலும் அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

டீக்கடைக்காரரை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நாலு இடத்தையும் கடற்கரையில் இருந்து ஒரு தோழியை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். மாற்றுவதோ வைப்பதோ உங்கள் முடிவு.

அதே மாதிரி, மனு கொடுத்தவர்களையும் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் இல்லை, வீட்டில். பங்குத்தந்தையை ஒருநாள், பேரவையில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரை ஒருநாள், இசக்கி பீடத்தில் விளக்கு வைக்கும் பெரியவரை ஒருநாள். ஒரு பக்கம் இல்லை, நாற்பது நிமிடத்தையும் வாசித்துக் காட்டுங்கள். துணைக்கு வாசகர் வட்டத்தில் இருந்து மூத்தவர் ஒருவர் வரட்டும். "இதை எடுத்தால் விடுகிறோம்" என்று பேரம் ஆரம்பித்தால், "நீங்கள் சொன்னதை யோசிக்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். வருத்தம் தெரிவிக்கத் தோன்றினால் அங்கே வாயால் தெரிவியுங்கள். அதற்குச் சாட்சிக் கையெழுத்து தேவையில்லை.

இப்படிச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் ஞானப்பாடல்களை ராத்திரி முழுக்கக் கூடியிருந்து பாடுகிறார்கள். அதே தக்கலையில்தான் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007-ல் அவரை ஊர்விலக்கம் செய்தார்கள். கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் வெளியே, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கொடுக்கிற தண்டனை அது. உங்கள் குடும்பத்துக்கு அப்படி ஏதாவது மிரட்டல் வந்தால் யார், எப்போது, என்ன வார்த்தை சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். போன் பேச்சு என்றால் பதிவு செய்து வையுங்கள். எனக்கும் தெரிவியுங்கள்.

மேடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1953-ல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எவ்வளவு அற்பமான பொருளாக இருந்தாலும், ஒரு கூட்டத்தார் அதைப் புனிதமாகக் கருதினால் அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1958-ல் நீதிபதிகள் சொன்னார்கள். ஆகவே பூஜையில் இருந்த சிலையோ, மந்திரித்த ஜெபமாலையோ மேடைக்கு வேண்டாம். அட்டையிலும் துணியிலும் செய்துகொள்ளுங்கள்.

நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், 1954-ஆம் வருட நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2013-லேயே தீர்ப்பளித்துவிட்டதைச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், அதை முறைப்படி வாங்குங்கள். பாதுகாப்புக் கேட்டு ஒரு மனு ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் கொடுங்கள். நாள், நேரம், மண்டபம், எத்தனை பேர் வருவார்கள் என்பது மட்டும் போதும். நாடகத்தை நியாயப்படுத்தி ஒரு வரிகூட அதில் வேண்டாம். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அம்மாவிடம் சட்டம் பேசாதீர்கள். பயம் பொய்யில்லை, அவர்கள் பார்த்தது அப்படி. ஆனால் 1982-ல் எந்த நாடகமும் அந்தத் தீயை வைக்கவில்லை. வருடக்கணக்கில் சேர்ந்த சந்தேகமும், வாய்வழியாகப் பரவிய வதந்தியும் வைத்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறைந்துபோன பிறகு வைத்தது. பங்குத்தந்தையைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் வாசலில் நின்றுகொண்டால் நீங்களும் அவசரப்படாமல் நில்லுங்கள்.

டீக்கடைக்காரர் வரும் பக்கங்களைத் திருத்தினால் ஒரு படி எனக்கு அனுப்புங்கள். சமாதானக் கூட்டத்துக்குத் தேதி குறித்ததும் தகவல் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.